நன்றாகத் தெரியக் கூடாத நாள்

ஒவ்வொரு வீட்டிலும் மணியை அழுத்துவதற்கு முன் பெரியக்கா கதவில் காதை வைப்பார். சாவி கையிலேயே இருக்கும், ஆனாலும் வைப்பார். உள்ளே ரேடியோ பாடினால் பாதி மூச்சு வரும். யாராவது இருமினால் மீதி மூச்சும் வந்துவிடும். இரண்டும் கேட்கவில்லை என்றால் அவர் முகம் போகிற போக்கைப் பார்த்துப் படியில் இறங்குகிறவர்கள் ஒதுங்கி நிற்பார்கள். எதிர்வீட்டுக்காரர் ஒருமுறை கேட்டேவிட்டார்: "என்னம்மா, ஒட்டுக் கேக்கறீங்களா?"

"ஆமாங்க. உயிர் இருக்கான்னு."

எதிர்வீட்டுக்காரர் சிரித்தார். பெரியக்கா சிரிக்கவில்லை. போன மழைக்காலத்தில் தையற்கார அம்மா ஒருவருக்கு மாலையில் ஆள் போய்ப் பார்க்கிற வருகையை அரசாங்கம் ரத்து செய்தது. அவர் குளியலறையில் வழுக்கி விழுந்து இரவு முழுக்க அந்த ஈரத் தரையிலேயே கிடந்தார். காலையில் பெரியக்கா கதவைத் திறந்தபோது கண்ணை மட்டும் திருப்பி, "வந்துட்டியா" என்றார். பிழைத்துக்கொண்டார். பெரியக்காதான் அந்த ஒரு சொல்லிலிருந்து இன்னும் பிழைக்கவில்லை.

எண்பது தாண்டியவர்களும் அவரைப் பெரியக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவருக்கு வயது ஐம்பதுக்குள்தான். வீட்டோடு முடங்கிப்போனவர்களை வீட்டிலேயே போய்க் கவனிக்கும் சின்ன நிறுவனம் நடத்துகிறார். சலவைக் கடைக்கு மேலே ஓர் அறை, ஒரு மேசை, சுவரெல்லாம் ஆணியில் தொங்கும் வீட்டுச் சாவிகள். முதலாளி அவரே, ஆள் வராத நாளில் பணியாளும் அவரே. இப்போதெல்லாம் எல்லா நாளும் ஆள் வராத நாள்தான்.

அரசாங்கம் ஒவ்வொரு வருகைக்கும் பணம் தருகிறது. ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் போகிற நேரத்துக்குத் தருவதில்லை. பணியாளர்கள் பறந்து போய்விடுகிறார்கள் என்று அங்கே யாரோ நம்புகிறார்கள் போலிருக்கிறது. பேருந்தில் நிற்கிற நேரம், மழையில் நடக்கிற நேரம் எல்லாம் அவரவர் தலையில். அதனால் ஒவ்வொருவராகக் கழன்றுகொள்கிறார்கள். தொலைபேசியில் "அக்கா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தாலே பெரியக்கா முதலில் நாற்காலியைத் தேடி உட்கார்ந்துவிடுவார். கடைசியாகப் போனவள் சரக்குக் கிடங்கில் சேர்ந்துவிட்டாள். "அங்க பெட்டிதான் அக்கா தூக்கணும். பெட்டி கீழ விழுந்தாலும் எனக்கு ராத்திரி தூக்கம் வரும்" என்றாள். அவளைத் திட்டுவதற்கு வாயைத் திறந்த பெரியக்கா, "நல்லா இரு தாயி" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

அதற்குமேல் இப்போது புது விதி. தானாக எழுந்து நடக்க முடிகிறவர்களுக்கு இனிமேல் காலை வருகை மட்டும்தான், மாலை கிடையாது. யாரால் முடியும், யாரால் முடியாது என்று வீடு வீடாக வந்து பார்க்க ஓர் அதிகாரி. இன்று டிரைவர் சாரின் முறை.

டிரைவர் சார் ஓய்வு பெற்ற பேருந்து ஓட்டுநர். மனைவி இல்லை, மகன் தூரதேசத்தில். வலது கால் அவர் பேச்சைக் கேட்பதை நிறுத்திப் பல காலம் ஆகிறது. மாலையில் யாராவது வந்து சாப்பிடவைத்து, கழிவறைக்குக் கூட்டிப்போய், படுக்கையில் ஏற்றிவிட்டால்தான் அவருக்கு இரவு. இல்லாவிட்டால் நாற்காலியே கதி. அல்லது தரை.

இதே தொழில் நடத்துகிற தோழி ஒருத்தி முந்தின நாளே பெரியக்காவுக்குப் பாடம் எடுத்திருந்தாள். "அதிகாரிங்க வர அன்னைக்கு நாங்க குளிப்பாட்டறதே இல்ல. சவரமும் கிடையாது. கசங்கின சட்டை. நீ பளபளன்னு வச்சிருந்தா, இவருக்கு ஆளே வேணாம்னு எழுதிட்டுப் போயிடுவாங்க. நம்ம வேலை சுத்தமா இருந்தா நம்ம வேலையே போயிடும்டி, புரியுதா?"

புரிந்தது. அதனால்தான் காலையில் சவரக் கத்தியைப் பெட்டியிலிருந்தே எடுக்கவில்லை. டிரைவர் சார் தாடையைத் தடவிப் பார்த்தார்.

"என்ன பெரியக்கா, பிளேடு இன்னைக்கு வேலைநிறுத்தமா?"

"இன்னைக்கு ஒருநாள் இப்படியே இருங்க சார்."

"ஒரு பொம்பளப் புள்ள வீட்டுக்கு வருது. நான் திருடன் மாதிரி முள்ளும் முடியுமா உக்காந்திருக்கணுமா?"

பெரியக்கா மறைக்காமல் சொன்னார். தையற்கார அம்மா கதையையும் சேர்த்துச் சொன்னார். டிரைவர் சார் மறுபடி தாடையைத் தடவினார். பிறகு, "அப்ப நான் நல்லா இருக்கறது தப்பா?" என்றார்.

"இருக்கறது தப்பில்ல சார். தெரியறதுதான் தப்பு."

"சாயந்திரம் நீ வரலன்னா…" என்று ஆரம்பித்தவர் குளியலறைப் பக்கம் பார்த்தார். நாற்காலிக் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "சரி. பிரேக் டவுன் ஆன வண்டி மாதிரி உக்காந்துக்கறேன். தள்ளினாலும் நகர மாட்டேன். போதுமா?"

போதும். ஆனால் அந்த முகத்தை அப்படியே விட்டு நகரப் பெரியக்காவால் முடியவில்லை. பாத்திரம் கழுவப் போனார், திரும்பி வந்தார். ஜன்னலைத் துடைத்தார், திரும்பி வந்தார். கடைசியில் தன்னையே திட்டிக்கொண்டு சோப்பைக் குழைத்தார். அவசர அவசரமாகச் சவரம் செய்தார்.

"மெதுவா பெரியக்கா. கழுத்த எடுத்துட்டா சாயந்திரம் காலைன்னு ரெண்டு வேளையும் மிச்சம் கவர்மெண்டுக்கு."

அதிகாரி சின்னப் பெண். மழையில் நனைந்து வந்திருந்தாள். செருப்பை வாசலில் கழற்றி, கையிலிருந்த டேப்லெட்டைத் துப்பட்டாவில் துடைத்து, "எப்படி இருக்கீங்க ஐயா?" என்றாள். அந்தக் கேள்வியிலேயே எல்லாம் போனது. இந்த வீட்டுக்குப் புதிதாக ஒருவர் வந்து எவ்வளவோ நாளாகிறது.

"எனக்கென்னம்மா குறை! ராஜா மாதிரி இருக்கேன்."

பெரியக்கா இருமினார். டிரைவர் சார் காதில் அது விழவில்லை.

"சாப்பாடெல்லாம்?"

"நானே எழுந்து டீ போட்டுப்பேன். உனக்கு வேணுமா, சொல்லு."

அவர் அடுப்புப் பக்கம் போய் இரண்டு மழைக்காலம் ஆகிறது. பெரியக்கா வாயைத் திறந்தார். "அவரே பேசட்டும் மேடம்" என்றாள் அந்தப் பெண். குரலில் கடுமை இல்லை, களைப்பு இருந்தது. "இன்னும் நிறைய வீடு பாக்கணும். எனக்கும் மேல கேப்பாங்க. ஐயா, எழுந்து அந்த ஜன்னல் வரைக்கும் போயிட்டு வரீங்களா? மேடம், நீங்க நாற்காலி பக்கத்துலயே நில்லுங்க. தொடக் கூடாது."

டிரைவர் சார் எழுந்தார். வழக்கமாக எழும்போது அவர் முதுகுக்குப் பின்னால், படாமல், ஒரு கை இருக்கும். இன்று அந்தக் கையைப் பெரியக்கா இன்னொரு கையால் பிடித்து வைத்துக்கொண்டார். "ரைட்… போலாம்" என்று தனக்குத் தானே குரல் கொடுத்து அவர் கிளம்பினார். ஜன்னல் வரை போனார். கண்ணாடியைத் தட்டிக் காட்டினார். திரும்பினார்.

திரும்பும்போதே பெரியக்கா பார்த்துவிட்டார். வலது முட்டி உள்பக்கமாக ஒருமுறை மடங்கி நிமிர்ந்தது. டிரைவர் சாரின் சிரிப்பு முகத்திலேயே இருந்தது. கண்ணில் மட்டும் இல்லை. அந்தப் பெண் தலையைக் குனிந்து எதையோ தட்டிக்கொண்டிருந்தாள்.

விழுந்தால் மாலை வருகை தங்கும்.

அந்த நினைப்பு பெரியக்காவுக்குள்ளிருந்துதான் வந்தது. விழட்டும் என்றா நினைத்தோம்? இந்த மனுஷனையா? அதற்குள் முட்டி மறுபடி மடங்கியது. பெரியக்கா கையை நீட்டவில்லை, காலை நீட்டினார். பாதத்தால் நாற்காலியை ஒரே தள்ளாகத் தள்ளினார். அது தரையில் வழுக்கிக்கொண்டு போய், சரிந்துகொண்டிருந்த டிரைவர் சாருக்குக் கீழே நின்றது. அவர் தொப்பென்று அதில் விழுந்து, கண நேரத்தில் நிமிர்ந்து உட்கார்ந்து, கண்ணாடி முன்னால் நிற்கிறவர் போலத் தலைமுடியைக் கோதிக்கொண்டார்.

சத்தம் கேட்டு அந்தப் பெண் நிமிர்ந்தாள். "வந்து உக்காந்துட்டீங்களா! அருமை ஐயா." பிறகு பெரியக்காவிடம், விரலை டேப்லெட்டுக்கு மேல் தூக்கி வைத்துக்கொண்டு, "தானாத்தான உக்காந்தார் மேடம்?" என்றாள்.

டிரைவர் சார் பெரியக்காவைப் பார்த்தார். சொல்லாதே என்றது அந்தப் பார்வை. சொல்லிவிடு என்றும் கெஞ்சியது. பிறகு அவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

பெரியக்கா முன்னால் வந்து தரையில் மண்டியிட்டார். அந்தப் பெண்ணின் கையை மெல்லப் பற்றி இழுத்து, வேட்டிக்குள் இன்னும் கிடுகிடுவென்று ஆடிக்கொண்டிருந்த வலது முட்டியின் மேல் வைத்து, தன் கையால் மூடிக்கொண்டார்.