பிசையாத மாவும் இருபத்து நாலு ஸ்கோனும்

1957 ஏப்ரல் 12, வெள்ளிக்கிழமை என்று தேதியிட்ட பக்கத்தில் என் பழைய நோட்டில் இவ்வளவுதான் இருக்கிறது: “நோன்பு பதினொன்று. ஐந்து ஈடு, ஈட்டுக்கு ஐந்து. ஒன்றை உடைத்துப் பார்த்தோம். மீதி இருபத்து நாலும் மாமி வீட்டுக்குப் போயின. ஒன்றும் கருகவில்லை.”

அன்று எங்கள் வீட்டில் இருந்த சந்தோஷத்துக்கு இது மிகவும் கஞ்சத்தனமான குறிப்பு. “கருகவில்லை” என்ற சொல் கோட்டை விட்டு மேலே ஏறிப் போகிறது. மற்றதையெல்லாம் நினைவிலிருந்துதான் எழுத வேண்டும். தேதிகள் மட்டும் நோட்டில் உள்ளபடி.

ஸ்கோன் என்பது தவிடு நீக்காத கோதுமை மாவில் வெண்ணெயும் புளித்த மோரும் சேர்த்து, கிஸ்மிஸும் பேரீச்சம்பழமும் போட்டு, உள்ளங்கை அளவில் தடிப்பாகச் சுடுகிற ஒரு ரொட்டி. காரைக்காலில் எங்கள் தெருவுக்கு அந்தப் பெயர் வந்து சேர்ந்தது என் அக்காவின் கணவர் எழுதிய கடிதத்தில். அக்காவை நான் லாத்தா என்றும் அவரை மச்சான் என்றும் கூப்பிடுவேன். மச்சான் அப்போது பினாங்கில் ஒரு ஜவுளிக்கடையில் இருந்தார். எங்கள் வழக்கப்படி கல்யாணமான பிறகும் பெண் தாய் வீட்டிலேயே இருப்பாள். மாப்பிள்ளைதான் வந்து தங்குவார். ஆகவே லாத்தா எங்களோடு, மச்சான் பினாங்கில், அவருடைய தாயார், அதாவது மாமி, இரண்டு தெரு தள்ளி. கடிதங்களைப் படித்துச் சொல்வதும் பதில் எழுதுவதும் பத்தொன்பது வயதில் என் வேலை.

1957 ஜனவரி 20 தேதியிட்ட கடிதத்தில் மச்சான், கடைக்குப் பக்கத்து ஹோட்டலில் சாயங்காலம் தேநீரோடு ஸ்கோன் தின்பதாகவும், அதைப் போல ஒரு பண்டம் ஊரில் கிடைக்காது என்றும் எழுதியிருந்தார். என்னிடம் இருந்த பிரெஞ்சு அகராதியில் அந்தச் சொல்லைத் தேடினேன். இல்லை. அதே செய்தியை அவர் தம் உம்மாவுக்கும் எழுதியிருந்ததுதான் வினையாகிவிட்டது.

பிப்ரவரி முதல் வாரத்தில் (நாள் குறிக்கவில்லை, அதற்காக இன்றும் என்மேல் எனக்கு வருத்தம்) நாங்கள் மாமி வீட்டுக்குப் போயிருந்தோம். கூடத்தில் அந்தத் தெருப் பெண்கள் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள்.

“எம்மவன் அங்க வெள்ளக்காரன் ரொட்டி திங்கிறான். இங்க வந்தா எவ சுட்டுக் குடுப்பா?” என்றார் மாமி, யாரையும் பார்க்காமல்.

“நான் சுடுறேன் மாமி,” என்றாள் லாத்தா.

“நீயா? அடுப்பு வேணும்ல புள்ள, ரொட்டிக்கடை அடுப்பு! ஒங்க வூட்டுல இருக்கறது களிமண்ணு அடுப்பு.”

“அதுலயே சுடுறேன். நோன்புச் சீருல வெச்சு அனுப்புறேன், பாருங்க.”

மாமி இப்போது திரும்பிப் பார்த்தார். “எல்லாரும் கேட்டுக்கிட்டீங்கள்ல? நோன்புச் சீருல வருதாம். நான் வேற பலகாரம் எதுவும் எதிர்பாக்கல, ஆமா.”

நோன்புச் சீர் என்பது நோன்பு மாதத்தில் ஒரு நாள் பெண் வீட்டிலிருந்து மாப்பிள்ளை வீட்டுக்கு, நோன்பு திறக்கும் நேரத்துக்குப் பெரிய தாம்பாளத்தில் பலகாரம் அனுப்புவது. அதை அந்த வீட்டார் மட்டும் தின்பதில்லை. தெருவுக்கே பங்கு வைப்பார்கள். ஆகவே லாத்தா சொன்னது ஒரு தெரு முழுவதற்கும் சொன்ன வார்த்தை. அது பொய்த்தால் அந்த வீட்டில் ஆயுசு முழுக்க அவள் வாய் திறக்க முடியாது. எங்கள் வாசலுக்கு வந்ததும், “மச்சானுக்கு எழுது. எப்படிச் சுடுறதுன்னு அந்த ஹோட்டல்காரங்கிட்டக் கேட்டு உடனே எழுதச் சொல்லு,” என்றாள்.

பதில் வருவதற்குள் நாங்களே தொடங்கிவிட்டோம். அடுப்பு ஒரு பிரச்சினையே இல்லை. நெய்ச்சோற்றுக்குத் தம் போடத் தெரிந்த வீட்டில் ரொட்டிக்கடை அடுப்பு எதற்கு? தேக்சா என்கிற தடித்த செம்புப் பாத்திரத்தின் அடியில் அரசலாற்று மணலைக் கழுவிக் காயவைத்து மூன்று விரல் உயரம் பரப்பி, அதன்மேல் ஒரு தகரத் தட்டு, தட்டில் ரொட்டி. மூடியின்மேல் கொட்டாங்கச்சித் தணல். கீழே கொஞ்சம், மேலே நிறைய. கூடத்துக் கடிகாரத்தைப் பார்த்து நான் நிமிஷம் சொல்வேன்.

மாவுதான் படுத்தியது. முதல் தடவை மில்லில் மிளகாய் அரைத்த கையோடு எங்கள் கோதுமையைப் போட்டுவிட்டார்கள். பிப்ரவரி 17: “காரம். தும்மல்.” இரண்டாம் முறை காலையில் மில் திறந்ததும் அரைத்து வாங்கினோம். ஆனால் எங்கள் உம்மா வழக்கப்படி சல்லடையில் சலித்துத் தவிட்டையெல்லாம் ஆட்டுக்கு வைத்துவிட்டார். பிப்ரவரி 25 அன்று வந்தது பார்க்க அழகாக இருந்தது. கடித்தால் பல் போகும். வாப்பா ஒன்றை எடுத்துத் தரையில் தட்டிப் பார்த்துவிட்டு, “கடைக்குக் குடுங்க, எடைக்கல்லு ஒண்ணு கொறையுது,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

மார்ச் 6 அன்று மச்சானின் பதில் வந்தது. ஹோட்டல் சமையல்காரரிடம் கேட்டு வரிசையாக எழுதியிருந்தார். தவிட்டோடு மாவு. ஆப்ப சோடா, உப்பு. குளிர்ந்த வெண்ணெயை மாவில் விரல் நுனியால் உதிர்க்க வேண்டும். புளித்த மோர் ஊற்றி, ஒன்று சேர்ந்ததும் விட்டுவிட வேண்டும். கடைசி வரியின் கீழே கோடு போட்டிருந்தார்: “மாவைப் பிசையவே கூடாது.”

உம்மா சிரித்தே விட்டார். “பிசையாம ரொட்டியா? ஏன் புள்ள, ஒங்க மச்சான ஏமாத்திருக்கான். எந்த சமையக்காரன் தொழில சொல்லிக் குடுப்பான்? ஒண்ண மறைச்சு ஒண்ணத்தான் சொல்லுவான்.”

லாத்தாவுக்கும் அதுதான் சரி என்று பட்டது. எனக்கும் பட்டது, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். பரோட்டாவுக்கு மாவை அடித்து, இழுத்து, எண்ணெய் தடவி ஊறவைத்து, மறுபடி அடிக்கிற கைகள் எங்கள் வீட்டுக் கைகள். உம்மா பிசைந்தால் மாவு காது மடல் போல் மெத்தென்று வரும் என்று உறவில் பெயர். அந்தக் கையை வைத்துக்கொண்டு பிசையாதே என்றால் யார் நம்புவார்கள்? மற்றதையெல்லாம் கடிதப்படி செய்தோம். பிசைவதை மட்டும் எங்கள் இஷ்டப்படி செய்தோம். மார்ச் 9: கல். மார்ச் 14: கல், கொஞ்சம் சின்னக் கல். அன்று ஆட்டுக்கு வைத்தோம். அது முகர்ந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்தது.

நோன்பு பிறக்க மூன்று வாரம்கூட இல்லை. லாத்தா அடுப்பங்கரையில் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். “பேசாம தொதல் அல்வா கிண்டி அனுப்பிடலாமா?” என்று கேட்டாள். அவள் தோற்றுப்போய்ப் பேசி நான் கேட்டது அந்த ஒரே தடவைதான்.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. எதையும் இரண்டு பத்தியாக எழுதி ஒப்பிட்டுப் பார்ப்பேன். அன்றிரவு நோட்டில் நாலு முயற்சிகளையும் வரிசையாக எழுதினேன். மாவு மாறியிருந்தது, சோடா மாறியிருந்தது, தணல் மாறியிருந்தது. நாலிலும் மாறாமல் இருந்தது ஒன்றே ஒன்று: உம்மாவின் கை. இதை எப்படிச் சொல்வது?

மறுநாள் காலை நெரவியிலிருந்து தயிர் கொண்டுவருகிற அம்மா வந்தபோது புளித்த மோராகக் கேட்டேன்.

“நல்ல தயிரு இருக்கறப்ப புளிச்ச மோரக் கேக்குற வூடு இது ஒண்ணுதாங்க,” என்றார் அவர். “மாட்டுக்கா?”

“மாமியாருக்கு,” என்றாள் லாத்தா உள்ளேயிருந்து. அந்த அம்மா சிரித்துக்கொண்டே ஒரு செம்பு நிறைய ஊற்றினார்.

அந்த மோரில் இரண்டு பங்கு மாவு கலக்கலாம் என்றேன். ஒரே உழக்கு, ஒரே வெண்ணெய், ஒரே தேக்சா. ஒன்றை உம்மா பிசையட்டும். இன்னொன்றை யாரும் பிசைய வேண்டாம். உம்மா, “செஞ்சு பாருங்க, நான் வேணாங்கல,” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பிசையாத மாவு பார்க்கவே அசிங்கமாக இருந்தது. கட்டி கட்டியாக, ஈரமாக, இடிந்த சுவர் போல. லாத்தா அதைப் பலகையில் கொட்டி, இரண்டு விரல் தடிப்புக்குத் தட்டி, டம்ளர் வாயால் வெட்டினாள். தேக்சாவில் ஒரு பக்கம் உம்மாவுடைய இரண்டு, மறுபக்கம் பிசையாத இரண்டு. பதினெட்டு நிமிஷம். மூடியைத் திறந்தோம். உம்மாவுடையவை போட்டபடியே இருந்தன. மற்ற இரண்டும் இரு மடங்கு உயர்ந்து, விலாவில் வெடித்து, வெடிப்பில் கிஸ்மிஸ் எட்டிப் பார்க்க நின்றன. லாத்தா ஒன்றைப் பிட்டாள். கத்தி தேவைப்படவில்லை.

உம்மா ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு வெகுநேரம் மென்றார். பிறகு, “அப்ப அந்த சமையக்காரன் நல்லவன்தான்,” என்றார். மார்ச் 15. அந்தத் தேதியின் கீழே இரண்டு கோடு போட்டிருக்கிறேன்.

ஏப்ரல் 12 அன்று ஜும்ஆத் தொழுகைக்கு ஆண்கள் போனதும் தொடங்கினோம். சோடா சேர்ந்த மாவு காத்திருக்காது. ஒவ்வோர் ஈட்டுக்கும் புதிதாகக் கலக்க வேண்டும். தேக்சா ஐந்துதான் பிடிக்கும். ஆக ஐந்து தடவை கலந்து, ஐந்து தடவை தணல் மாற்றி, நோன்பு வைத்த வறண்ட வாயோடு ஏப்ரல் வெயிலில் மூன்று பேரும் அடுப்படியில் நின்றோம். உம்மாவின் கை மட்டும் தானாக மாவை நோக்கிப் போய்க்கொண்டே இருந்தது.

“உம்மா!” என்றாள் லாத்தா.

“இல்லடி, ஓரத்துல ஒட்டியிருக்கு, அதத்தான்…”

“நீங்க தஸ்பீஹைக் கையில எடுத்துக்கிட்டு அப்பிடி உக்காருங்க. ரெண்டு கையிலயும் புடிங்க.”

உம்மா உண்மையிலேயே ஜபமாலையை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். உதடு அசைந்தது; கண் மாவை விட்டு அகலவில்லை.

கடைசி ஈட்டை இறக்கியபோது லாத்தா திடீரென்று நின்றாள். “மூணாவது ஈட்டுல உப்புப் போட்டனா?”

யாருக்கும் நினைவில்லை. ருசி பார்க்க முடியாது. “நுனி நாக்குல வெச்சுப் பாத்துட்டுத் துப்பிடலாம், நோன்பு முறியாது,” என்றார் உம்மா. லாத்தா மறுத்துவிட்டாள். “தொண்டைக்குள்ள போயிடுச்சுன்னா? இத செஞ்சதுக்காக நோன்ப விட்டேன்னு மாமி வாயில விழணுமா?” ஐந்து ஈடும் ஒரே தட்டில் கலந்து கிடந்தன. ஏதோ ஒன்றை உடைத்துப் பார்த்தோம். உள்ளே வெந்திருந்தது, ஆவி வந்தது. உப்பைப் பற்றிக் கண்ணால் என்ன தெரியும்? மீதி இருபத்து நாலையும் தாம்பாளத்தில் அடுக்கி, வெள்ளைத் துணி போர்த்தி, எங்கள் வீட்டில் வேலைக்கு வருகிற அம்மாவின் தலையில் ஏற்றினோம். எங்களில் யாருமே ருசிக்காத பண்டம் தெருவழியே போயிற்று.

பாங்கு சொன்னதும் பேரீச்சம்பழமும் கஞ்சியும் வாயில் வைத்த பிறகு, உடைத்த அந்த ஒன்றை மூன்று பேரும் பங்கிட்டோம். உப்பு இருந்தது. ஆனால் அது எந்த ஈடு? லாத்தா கஞ்சிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சீர் கொண்டுபோன தாம்பாளம் வெறுமையாகத் திரும்பக் கூடாது. கொஞ்சம் சர்க்கரையோ வாழைப்பழமோ வைத்து அனுப்புவது வழக்கம். அரை மணி கழித்து அந்த அம்மா வந்தபோது கழுத்து கனத்தால் அமிழ்ந்திருந்தது. துணியை விலக்கினோம். தாம்பாளம் நிறையக் கோதுமை. இரண்டு படிக்குக் குறையாது.

“என்ன சொன்னாங்க? சொல்லுங்க!” என்றாள் லாத்தா.

“ஒண்ணும் சொல்லலீங்க. பெருநாளைக்கு நாப்பது வேணும்னாங்க. கிஸ்மிஸு கொஞ்சம் கூடப் போடணுமாம்.”

லாத்தா கோதுமைக்குள் இரண்டு கையையும் முழங்கைவரை விட்டுக்கொண்டு சிரித்தாள். உம்மா தஸ்பீஹைச் சுவரில் மாட்டிவிட்டு, “நாப்பதுன்னா எட்டு ஈடு,” என்றார். அவர் வாயிலிருந்து முதன்முதலாக அந்தக் கணக்கு வந்தது. பெருநாளைக்கு நாற்பதும் போயின. அடுத்த ஆண்டு மச்சான் வந்தபோது மாமியே அவருக்குப் பரிமாறி, “ஒன் பொஞ்சாதி சுட்டது. பினாங்குல இப்பிடிக் கெடைக்குமா?” என்று கேட்டதை நான் பக்கத்தில் இருந்து கேட்டேன்.

தாம்பாளம் கொண்டுபோன அம்மா அன்று இன்னொன்றும் சொன்னார்: தெருவுக்குப் பங்கு வைப்பதற்கு முன்பே மாமி நாலை எடுத்துத் தின்றுவிட்டாராம். மாமி கடைசிவரை, மரியாதைக்காகப் பாதி மட்டும் தின்றதாகவே சொல்லிவந்தார். அந்தத் தெருவில் வீட்டுக்கு ஒன்று வீதம் எத்தனை வீட்டுக்குப் பங்கு போயிற்று என்று பின்னால் விசாரித்தேன்; ஒருவர் இருபது என்றார், இன்னொருவர் இருபத்து மூன்று என்றார். ஆகவே நோட்டில் ஏப்ரல் 12-இன் ஓரத்தில் “மாமி: நாலு” என்று பென்சிலில் எழுதி, பக்கத்தில் கேள்விக்குறி போட்டேன். அது இன்னும் சரிபார்க்கப்படவில்லை.