காதில் விழாத ‘என்னங்க’

இரண்டு வருடங்களுக்கு முன், பொங்கல் முடிந்த அடுத்த வாரம் நடந்தது இது. ஹைதராபாத்தில் லோத்குண்டா பக்கம், மூன்றாவது மாடியில் எங்கள் வீடு. எனக்கு மத்திய அரசு வேலை. மதுரையிலிருந்து மாற்றலாகி வந்து பதினொரு வருடம் ஆகிவிட்டது. மகள் வெளியூரில் படிப்பதால் வீட்டில் நானும் என் மனைவியும்தான்.

என்னிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. உடம்பு ஓரிடத்தில் இருக்கும், மனசு வேறெங்கோ இருக்கும். ஆபீசில் இருந்தால் மகளைப் பற்றிய கவலை, வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் ஆபீஸ் ஃபைல் பற்றிய கவலை. இப்போது சாப்பிட்டது சாம்பாரா, ரசமா என்று கேட்டால் தட்டைப் பார்த்துத்தான் சொல்வேன். “சாப்பிடுறப்பவாச்சும் இங்ஙன இருங்களேன்” என்று மனைவி சொல்லிச் சொல்லி அலுத்துப்போனாள்.

ரத்த அழுத்தம் ஏறியதும் டாக்டர் மாத்திரையோடு தியானமும் பழகச் சொன்னார். மகள் என் போனில் அதற்கென்று ஒரு ஆப் போட்டுத் தந்தாள். வெளிச்சத்தமே கேட்காத இயர்போன் ஒன்றும் வாங்கி அனுப்பினாள். தினமும் காலையில் பால்கனியில் நாற்காலி போட்டு, இருபது நிமிடம் கண்ணை மூடி உட்கார ஆரம்பித்தேன். மூன்று மாதத்தில் எனக்கு ஏகப் பெருமை. ஆபீசில் எல்லோரையும் பிடித்து வைத்து, நிகழ்காலத்தில் வாழ்வது எப்படி என்று உபதேசம் செய்யும் அளவுக்குப் போய்விட்டேன்.

அன்று நல்ல குளிர். மனைவி குளிக்கப் போனாள். குளியலறைக்குள் இருப்பது கேஸ் கீசர். வென்டிலேட்டர் வழியாகக் குளிர்காற்று வருகிறது என்று அவள் சொன்னதால், அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமைதான் நான் அதை அட்டை வைத்து அடைத்திருந்தேன். கேஸ் எரியும் அறையில் காற்று போக வர வழி வேண்டும் என்பது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. ஆனால் அட்டையை ஒட்டும்போதும் மனசு அங்கே இல்லை, அவ்வளவுதான்.

நான் பால்கனியில் கண்ணை மூடினேன். சுற்றிலும் கேட்கும் ஒலிகளை அப்படியே கவனிக்கும்படி இயர்போனில் ஒரு குரல் சொன்னது. கவனித்தேன். ஒன்றுமே கேட்கவில்லை. ஆகா, என்ன ஒரு அமைதி என்று நினைத்துக்கொண்டேன்.

யாரோ தோளைத் தொட்டார்கள். மனைவிதான், காபிக்காகக் கூப்பிடுகிறாள் என்று எண்ணிக் கண்ணைத் திறக்காமலே ஒரு விரலைத் தூக்கிக் காட்டினேன். கொஞ்சம் இரு என்று அர்த்தம்.

அடுத்த நொடி இயர்போன் பிடுங்கப்பட்டது. எதிர்வீட்டு அம்மா நின்றிருந்தார். கையெல்லாம் கோதுமை மாவு, காலில் செருப்பு இல்லை. “ஆபா கப் ஸே புகாரரே! சுன்தேச் நை கியா பாயி?” என்று கத்தினார். அக்கா எவ்வளவு நேரமாகக் கூப்பிடுகிறார், காதிலேயே விழவில்லையா என்று கேட்கிறார்.

எங்கள் குளியலறை வென்டிலேட்டரும் அவர் சமையலறை ஜன்னலும் இரு வீட்டுக்கும் நடுவிலுள்ள ஒரே இடைவெளியைப் பார்த்தவை. அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் என் மனைவி என்னை ‘என்னங்க’ என்று கூப்பிடுவதை எட்டு வருடமாகக் கேட்டிருக்கிறார். அன்று அந்தக் குரல் அடைபட்டு, இழுத்து இழுத்து வந்திருக்கிறது. பிறகு ஏதோ விழுந்த சத்தம். அதன்பின் ஒன்றுமில்லை. பால் பாக்கெட் எடுத்தபின் ஒருக்களித்திருந்த எங்கள் வாசல் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்திருக்கிறார்.

குளியலறைக் கதவைத் தட்டினேன். பதில் இல்லை. உதைத்தேன். மூன்றாவது உதையில் தாழ்ப்பாள் பிய்ந்தது. என்னை முந்திக்கொண்டு உள்ளே போன அந்த அம்மா, தன் துப்பட்டாவை அவள்மேல் போர்த்தினார். கீசரையும் சிலிண்டரையும் அணைத்தது அவர்தான். இருவருமாகத் தூக்கி வந்து பால்கனியில் கிடத்தினோம். பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். கல்யாணமான நாளிலிருந்து அவளை அத்தனை சத்தமாகக் கூப்பிட்டதில்லை. மூச்சு இருந்தது, கண் திறக்கவில்லை.

கீழ்வீட்டுக்காரர் காரில் பக்கத்து அல்வாலில் இருந்த ஒரு மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தோம். உடனே ஆக்சிஜன் வைத்தார்கள். அரை மணி நேரத்துக்குப் பின் டாக்டர் வெளியே வந்து, கண் விழித்துவிட்டார், பயமில்லை, சரியான நேரத்தில் கதவைத் திறந்துவிட்டீர்கள் என்று என் கையைப் பிடித்தார். அந்தப் பாராட்டை வாங்கிக்கொள்ள எனக்கு யோக்கியதை இல்லை. பக்கத்தில் மாவு காய்ந்த கையோடு நின்றிருந்தவரைக் காட்டினேன். அவரோ தலையை ஆட்டி, மேலே கையைக் காட்டினார்.

உள்ளே போனேன். “எம்புட்டு நேரமாக் கூப்பிட்டேன் தெரியுமாங்க?” என்றாள், மாஸ்க்குக்குள்ளிருந்து. எனக்கு அழுகை வந்துவிட்டது. விரலைக் காட்டியது வரை எல்லாவற்றையும் சொன்னேன். “வெரலைக் காட்டுனீகளா?” என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்ட பிறகுதான் நெஞ்சிலிருந்த பாரம் இறங்கியது.

இரண்டு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். வீடு திரும்பும் முன்பே அட்டை, கீசர் இரண்டையும் ஆள் வைத்துக் கழற்றி எறிந்துவிட்டேன். இரவு எதிர்வீட்டு அம்மா கிச்சடியும் புளிச்சாறும் கொண்டுவந்தார். போதும் போதும் என்று மனைவி மறுக்க, “நக்கோ போலே தோ மார் காதே”, வேண்டாமென்றால் அடி விழும் என்று மிரட்டி இன்னொரு கரண்டி வைத்தார். மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். கிச்சடியில் உப்பு ஒரு கல் கூடுதல். அது எனக்குத் தெரிந்தது.

தியானத்தை நான் குறை சொல்ல மாட்டேன். இப்போதும் உட்காருகிறேன், காதைத் திறந்து வைத்துக்கொண்டு. மனசு இன்னும் ஓடத்தான் செய்கிறது. ஆனால் அடுத்த அறையில் அவள் பாத்திரம் துலக்கும் சத்தம் வரும்போது சட்டென்று திரும்பி வந்துவிடுகிறது. அந்தச் சத்தம் இல்லாமல் போயிருக்கக்கூடிய ஒரு வீட்டில் அது கேட்டுக்கொண்டிருக்கிறது என்பதைவிடப் பெரிய நிம்மதி எனக்கு வேறெதுவும் இல்லை.