விற்ற போன்களின் பட்டியல்

ஊரெங்கும் செல்போன் பரவிக்கொண்டிருந்த வருடங்களில் தேனியில் ஒரு சின்ன மென்பொருள் அலுவலகத்தில் வேலை பார்த்தேன். காய்கறி மார்க்கெட் விலையை விவசாயிகள் போனிலேயே தமிழில் பார்க்க ஒரு புரோகிராம் எழுதினோம். ஆளே மூன்று பேர்தான். ஒவ்வொரு மாடலுக்கும் தனித்தனியாகத் திரையைச் சரிசெய்ய எங்களால் ஆகாது. எந்தெந்த மாடலுக்குச் செய்வது என்று முடிவெடுக்க, முதலாளி சென்னையிலிருந்து ஒரு விற்பனைப் பட்டியலை வரவழைத்தார். அதிகம் விற்ற மாடல்கள் மேலே இருந்தன. கடைசியில் ‘மற்றவை’ என்று ஒரு வரி.

"மேல உள்ளத மட்டும் வச்சுக்கம்மா, மத்தத அடிச்சிரு" என்றார்.

அடித்தேன். எங்கள் ஊர் கோம்பையில் அப்பா வைத்திருந்த போன் அந்தக் கடைசி வரியில்தான் அடங்கும். நான் வைத்திருந்து கொடுத்த பழைய போன் அது. மனசு குத்தியது என்று எழுதினால் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் பொய். ஒன்றுமே தோன்றவில்லை. சாப்பிடப் போனேன்.

அந்தப் பட்டியல் விற்ற போன்களை எண்ணியது. எங்கள் பக்கம் போன் வாங்குவது பிள்ளைகள். அலுத்ததும் அது ஊருக்குப் போய் அப்பன் சட்டைப்பையில் ஏறும். எந்தப் பில்லிலும் அது வராது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது எனக்குத் தெரியாததா என்ன?

அவர் போனில் இது வராது என்று அப்பாவிடம் சொல்லவில்லை. புரோகிராம் வெளிவந்த வாரம் வீட்டுக்குப் போனால், தக்காளி போட்டிருந்த ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். மகள் செய்தது என்று தோட்டம் தோட்டமாகச் சொல்லி, அப்பாதான் வரவழைத்திருந்தார். ஒவ்வொரு போனாக வாங்கிப் புரோகிராமை ஏற்றிப் பார்த்தேன். எல்லாம் பிள்ளைகள் கொடுத்தவை. எழுத்து வரவேண்டிய இடத்தில் கட்டம் கட்டமாக வந்தது. வராது என்று தெரிந்தே அப்பாவுடையதிலும் ஏற்றினேன். அதிலும் கட்டம்தான்.

"என்னண்ணே, ஒண்ணும் தெரியலையே" என்றார் பக்கத்துத் தோட்டத்துக்காரர்.

அப்பா என் முகத்தைப் பார்த்தார். பிறகு போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அவர்கள் பக்கம் திரும்பினார்.

"இங்கன டவர் சரியில்லப்பா. தேனியில எல்லாரும் பாத்துட்டு நல்லாருக்குன்னுதான் சொன்னாக. டவர் வந்தா இதுவும் வந்துரும்."

அத்தனை போனிலும் டவர் முழுசாக இருந்தது.

"அப்படித்தான ஆத்தா?" என்று என்னிடம் கேட்டார்.

"ஆமாப்பா" என்றேன்.