விழுந்தவர் கைநாட்டு

கொழும்பில் நான் வாடகைக்கு இருக்கும் வீட்டின் சொந்தக்காரி, நோனா என்று எல்லாரும் அழைக்கும் பறங்கிச் சீமாட்டி, வாசற்படியைக் கழுவினால் ஈரம் காயும்வரை குறுக்கே ஒரு நாற்காலியைப் போட்டு வைப்பாள். ஈரத்துக்குக் காவல் வைக்கும் ஊரை நான் அதுவரை பார்த்ததில்லை. தூத்துக்குடியில் ஈரம் அதுபாட்டுக்குக் கிடக்கும். கண் இருப்பவன் பார்த்து நடக்க வேண்டும் என்பது எங்கள் சாஸ்திரம்.

உலக யுத்தம் முடிந்த மறுவருஷம், ஒரு காலையில் அவள் நாற்காலியை மறந்தாள். நான் சோப்புத் தண்ணீரில் வழுக்கி, கணுக்கால் ஒடிந்து கிடந்தேன். "சோரி, சோரி" என்று நோனா கையைப் பிசைந்தாள். நான் வலியிலும் மரியாதை தவறாமல், தெரிந்த இங்கிலீஷில், "தப்பு என்னுடையது, உங்கள் படி நல்ல படி" என்றேன். எங்கள் பக்கத்தில் விழுந்தவன்தான் வீட்டுக்காரருக்கு ஆறுதல் சொல்ல வேண்டும். நோனாவோ அதை வாக்குமூலமாக எடுத்துக்கொண்டாள். மறுநாளே அவளுடைய வக்கீல் வந்து ஒரு தாளை நீட்டினார். என் கவனக்குறைவால்தான் விழுந்தேன் என்று அதில் டைப் அடித்திருந்தது. துறைமுகத்தில் நாள் முழுக்க நின்று மூட்டை எண்ணுகிற வேலை எனக்கு. கால் போனால் சோறும் போகும். அப்படியிருந்தும் பேனாவைத் திறந்துவிட்டேன்.

பக்கத்து அறையிலிருந்த யாழ்ப்பாணத்து நண்பர், கோர்ட்டு குமாஸ்தா, என் கையைப் பிடித்தார். "கையெழுத்து வைச்சிடாதையும் காணும். வீடு ஆருடைய பொறுப்பிலை இருக்கோ, அவர்தான் விழுந்த காலுக்கும் பொறுப்பு."

அதைக் கேட்டதும் ரோசம்மாள் நினைவுக்கு வந்தாள். புன்னைக்காயலிலிருந்து எங்கள் வீட்டுக்கு மீன் கொண்டுவந்தவள். அம்மா முற்றத்தில் கொட்டிய கஞ்சித் தண்ணீரில் வழுக்கி, என் கண்முன்னே அவள் வலது மணிக்கட்டு ஒடிந்தது.

"ஏளா, கண்ண எங்கன வச்சிட்டு வந்த?" என்றார் அப்பா.

"எந் தப்புதான் அண்ணாச்சி. வீட்ட ஒண்ணும் சொல்லப்பிடாது."

எவ்வளவு நல்ல பொம்பளை என்று வருஷக்கணக்கில் மெச்சிக்கொண்டோம். கை கோணலாகக் கூடி, அவளால் பிறகு கூடை தூக்க முடியாமல் போனதை மட்டும் யாரும் பேசவில்லை. நானும்தான் பேசவில்லை. வெட்கமாக இருக்கிறது.

தாளைத் திருப்பிக் கொடுத்தேன். நோனா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாலும் வைத்தியச் செலவை ஏற்றாள். வென்ற மிதப்பில் அப்பாவுக்குப் பெரிய கடிதம் எழுதினேன். இந்த ஊர்ச் சட்டத்தை விளக்கி, ரோசம்மாளுக்கு நாம் ஏதாவது செய்தாக வேண்டும் என்று புத்தி சொன்னேன்.

பதில் போன வாரம் வந்தது. "ஏலே, நல்லவேளை சொன்ன. இப்படி ஒரு சட்டம் இருக்குன்னு தெரியாமப் போச்சு. அவள வரச்சொல்லி எழுதி வாங்கிட்டேன். நீயும் பாத்தவன்தான, சாட்சிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு."

உறைக்குள் ஒரு தாள். என் கவனக்குறைவால்தான் விழுந்தேன் என்று அப்பாவின் மணி மணியான எழுத்து. கீழே ரோசம்மாளின் கைநாட்டு. அதற்கும் கீழே, என் பெயரை எழுதி, கையெழுத்துக்காக விட்டிருந்த வெற்றிடம்.

நோனாவிடம் மாட்டேன் என்று சொல்ல எனக்கு ஒரு நிமிஷம்தான் ஆயிற்று. அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று, கட்டுப் போட்ட காலை நீட்டிக்கொண்டு, இன்றோடு ஏழு நாளாக யோசிக்கிறேன். கொழும்பில் நான் விழுந்தவன். தூத்துக்குடியில் இன்னும் வீட்டுக்காரன் மகன்.