வெயிலம்மாள் தாண்டிய இலை

கடலை மிட்டாய்க் கம்பெனியில் பாகு கிண்டுகிற வெயிலம்மாளுக்கு வருசத்தில் ஒரு நாள் மட்டும் ராணி நடை வந்துவிடும். அது அசன நாள். சபையின் பிரதிஷ்டைப் பண்டிகை முடிந்ததும் வேதக்கோவில் வளாகத்தில் பந்தல் போட்டு, சுற்றுப்பட்டு ஊர்களுக்கெல்லாம் சோறு போடுவார்கள். எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர் என்று யாரும் கேட்பதில்லை. உட்கார்ந்தவருக்கு இலை உண்டு. பரிமாறுகிறவர்களுக்கு ஒரே சட்டம்தான்: ஒரு இலையையும் தாண்டிப் போகக் கூடாது.

சாம்பார் வாளி வெயிலம்மாளுடையது. வேறு யார் கை வைத்தாலும் சண்டைக்கு வந்துவிடுவாள்.

"ஏ வெயிலக்கா, போன வருசம் குளம் வெட்டி ஊத்துன. இப்ப என்ன, கரண்டி சுருங்கிட்டு?" என்று பந்தியிலிருந்து சீண்டுவார்கள்.

"மொதல்ல இருக்கதத் தின்னு முடிலே! வயிறா, கம்மாயா?" என்று சிரித்துக்கொண்டே இன்னொரு கரண்டி ஊற்றுவாள்.

அந்தச் சிரிப்புக்குள் எரிந்துகொண்டிருந்த தீயை யார் கண்டார்கள்?

விஜி அவளுக்கு ஒரே மகள். பத்து வருசத்துக்கு முன்னால், தாயும் மகளும் கோவில்பட்டிப் பக்கம் ஒரு தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்தார்கள். அன்று காலை குழம்பு கொதிக்கவில்லை. "ஏட்டி, இரு, ஒரு நிமிசம்" என்றாள் தாய். "வேன் போயிரும்மா, உப்பு போதும்" என்று வெறும் சோற்றில் உப்பைப் பிசைந்து தின்றுவிட்டு ஓடினாள் மகள்.

மத்தியானம் தீக்குச்சி மருந்து அறையில் தீப்பிடித்தது. பிள்ளைகள் டீ குடிக்க நழுவிவிடுகிறார்கள் என்று கடற்கரை என்ற சூப்பர்வைசர் பின்கதவைப் பூட்டி வைத்திருந்தார். வெளியிலிருந்து ஓடிவந்த வெயிலம்மாள், கொதித்துக்கொண்டிருந்த பூட்டை இடது கையால் பிடித்து இழுத்தாள். உள்ளங்கைத் தோல் பூட்டோடு போனது. கதவு திறக்கவில்லை.

அதற்குப் பிறகு கடற்கரை போலீசிடம் சொன்னதுதான் அவளை இரண்டாவது தடவை எரித்தது. "கதவு திறந்துதான் கெடந்தது. அந்தப் பிள்ளை விஜிதான் கவனமில்லாமக் குச்சியை உரசிட்டா."

செத்த மகளின் தலையில் பழி!

ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலுக்குத் துணையிருக்க வந்த ஜெபக்கனிதான் வெயிலம்மாளுக்குக் கஞ்சி ஊட்டினாள். கைப்பிடித்து ஜெபம் பண்ணினாள். பிறகு கோவிலுக்கும் கூட்டிப்போனாள். சிலுவையில் தொங்குகிற மகனைப் பார்த்துக்கொண்டு நின்ற தாயைப் பற்றிப் பாஸ்டரய்யா பிரசங்கம் பண்ணிய அன்று, வெயிலம்மாள் வாய்விட்டு அழுதாள். அன்று ராத்திரிதான் அவளுக்குத் தூக்கம் வந்தது. அந்த ஆண்டவரையே பிடித்துக்கொண்டாள்.

ஆனாலும் ஒன்று மட்டும் முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை சபையார் எல்லாரும் சேர்ந்து கர்த்தருடைய ஜெபம் சொல்லும்போது, பிறரை மன்னிப்பதைப் பற்றி வருகிற வரியில் அவள் வாய் மூடிக்கொள்ளும். பக்கத்தில் நிற்கிற ஜெபக்கனிக்கு மட்டுமே அது தெரியும்.

"அந்தப் பாவி முகம் வந்து என் வாயைப் பொத்துதுக்கா. ஆண்டவர்கிட்டப் பொய் சொல்ல ஏலுமா?"

ஜெபக்கனி வற்புறுத்தியதில்லை.

இந்த வருசம் கடைசிப் பந்தி. வாளியோடு வந்த வெயிலம்மாள் சட்டென்று நின்றாள். கடைசிக்கு முந்தின இலையில் கடற்கரை உட்கார்ந்திருந்தார். கன்னம் ஒட்டிப்போய், சட்டைக் காலர் கிழிந்து, கூன் விழுந்து கிடந்தார். மனைவி போய்விட்டாள், பிள்ளைகள் சேர்ப்பதில்லை என்று கேள்விப்பட்டிருந்தாள். பசிதான் அவரை இங்கே கொண்டுவந்திருந்தது. அவர் நிமிரவில்லை. வாளிப் பிடியில் இருந்த தழும்புக் கையைத்தான் பார்த்தார். பார்த்த மாத்திரத்தில் இலையிலிருந்த விரல்கள் அப்படியே நின்றன.

வெயிலம்மாள் அந்த இலையைத் தாண்டினாள். அடுத்த இலையில் ஊற்றிவிட்டு விறுவிறுவென்று குழாயடிக்குப் போய்விட்டாள்.

ஜெபக்கனி பின்னாலேயே வந்தாள். "ஏட்டி, என்ன பண்ணுத? ஒரு இலையைத் தாண்டிட்டியே!"

"அது கடற்கரை, அக்கா."

ஜெபக்கனி மெல்ல வாளிக்குக் கை நீட்டினாள். "குடு. நான் ஊத்துதேன். நீ இங்கன இரி."

வெயிலம்மாள் கொடுக்கத்தான் போனாள். அதற்குள் கண் பந்திப் பக்கம் ஓடிவிட்டது. கடற்கரை யாரையும் கூப்பிடவில்லை. சாம்பார் என்று கேட்கவில்லை. இலை ஓரத்தில் இருந்த உப்பைத் தொட்டு, வெறும் சோற்றில் பிசைந்து, தலை கவிழ்ந்தபடி ஒரு கவளம் வாயில் வைத்தார்.

உப்புச் சோறு!

வெயிலம்மாள் நீட்டிய வாளியைத் தன் பக்கமே இழுத்துக்கொண்டாள். என் பிள்ளை கடைசியாகத் தின்ற சோறு. இன்னொரு வாய் அப்படித் தின்னக் கூடாது என்றுதானே இத்தனை வருசம் இந்த வாளியைச் சுமந்தேன்? இன்று என் கையாலேயே ஒருத்தருக்கு அதைப் போட்டுவிட்டேனே!

"ஆண்டவரே, வேற ஆளே கெடைக்கலியா உமக்கு? இவரையா அனுப்பணும்?" என்று வாய்விட்டே கேட்டாள். கண்ணீர் மாலை மாலையாக இறங்கியது. அதற்குள் கால் பந்திப் பக்கம் நடந்தது.

அந்த இலை முன்னால் குனிந்தாள். ஒரு கரண்டி. இன்னொரு கரண்டி. காய் தேடி எடுத்து, ஒரு முருங்கைக்காயும் கத்தரிக்காயும் வைத்தாள். முன்பு ஆபீஸில் கூப்பிட்டது போலவே கூப்பிட்டாள்.

"சாப்பிடுங்க அண்ணாச்சி."

கிழவரின் தோள் குலுங்கியது. "தாயி... பூட்டுனது நாந்தான். உன் மக ஒண்ணும் செய்யல. நான் என் தலை தப்பிக்க..."

பத்து வருசமாக அவள் கேட்கக் காத்திருந்த வார்த்தை! அது வருவதற்கு முன்னாலேயே அவள் ஊற்றி முடித்திருந்தாள். அதனால் அவளுக்கு அழத் தோன்றவில்லை.

"சாப்பிடும்போது பேசாதீய, பொரை ஏறும். பேச நாள் கெடக்கு. இன்னுங் கொஞ்சம் சோறு வைக்கச் சொல்லவா?"

அவர் சரியென்று தலையை ஆட்டினார். அவளே போய்ச் சோற்றுக் கூடைக்காரனைக் கையைப் பிடித்து இழுத்துவந்தாள்.

பந்தி முடிந்து, பாத்திரங்களுக்கு நடுவே நின்று எல்லாரும் கர்த்தருடைய ஜெபத்தைச் சொன்னார்கள். அந்த வரி வந்ததும் ஜெபக்கனி தன் வாயை மூடிக்கொண்டு காது கொடுத்தாள். வாளியை இன்னும் கையில் பிடித்தபடி பக்கத்தில் நின்ற வெயிலம்மாளின் குரல் கரகரத்தது, தடுக்கியது, ஆனால் நிற்கவில்லை. வரி முழுசாக வெளியே வந்தது.

"ஏட்டி வெயிலு," ஜெபக்கனி கண்ணைத் துடைத்துக்கொண்டு கிசுகிசுத்தாள், "ஆமென் சொல்லியாச்சி. இனிமேலாவது அந்த வாளியைக் கீழ வையி."