முதல்மந்திரி தமிழில் கேட்ட கேள்வி

சர்க்காரிடமிருந்து ஒரு காரியம் ஆக வேண்டுமென்றால், சர்க்கார் பணத்தில் நூறு ரூபாயைக் குறைக்கச் சொல்ல வேண்டும் என்பது எனக்கு அதுவரை தெரியாது. தெரிந்தபோது சிரிப்புத்தான் வந்தது.

திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாகியிருந்த சமயம் அது. தலைநகரில், கரமனையில் ஒரு சர்க்கார் பள்ளிக்கூடத்தில், தமிழ்ப் பிரிவு ஒன்றாம் வகுப்புக்கு நான் டீச்சர். பிள்ளைகள் குறைந்துகொண்டே வந்தார்கள். அதனால் அடுத்த வருஷம் வகுப்பை எடுத்துவிட்டு, வருகிறவர்களை மலையாள வகுப்பில் சேர்த்துவிடுவார்கள் என்று பேச்சு கிளம்பியது. அப்படியானால் என்னைத் தெற்கே எல்லைப் பக்கம் எங்காவது தூக்கிப் போட்டுவிடுவார்கள். கணவரும் குழந்தையும் இங்கே, நான் அங்கே என்று ஆகும். இல்லையென்றால் வேலையை விட வேண்டும். எனக்கு இரண்டிலும் சம்மதமில்லை.

நாஞ்சில் நாட்டுப் பக்கம் ஜெயித்து வந்த எதிர்க்கட்சி அங்கத்தினர் ஒருவர், சட்டசபை கூடும் நாட்களில் எங்கள் தெருவில் ஒரு மாடி அறையில் தங்குவார். அவரிடம் போய் முறையிட்டேன். கல்வி மானியத்தில் நூறு ரூபாயைக் குறைக்கச் சொல்லி வெட்டுத் தீர்மானம் கொண்டுவருகிறேன் என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இருக்கிற பணத்தையும் குறைத்தால் என் வகுப்பு எப்படி நிலைக்கும் என்று கேட்டேன். அவர் பொறுமையாக விளக்கினார். பணம் குறைய வேண்டுமென்று யாரும் நினைப்பதில்லை. குறை சொல்ல அது ஒரு வழி, அவ்வளவுதான். முதல்மந்திரி எழுந்து பதில் சொல்வார். பதில் திருப்தி என்றால் அங்கத்தினர் தீர்மானத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்வார். இவ்வளவு சுற்றி வளைப்பதற்கு நேராகவே கேட்டுவிடலாமே என்று எனக்குத் தோன்றியது. ஆனாலும் அந்த வேடிக்கையைக் கண்ணால் பார்க்காமல் இருக்க முடியவில்லை. பாஸ் வாங்கிக்கொண்டு, லீவும் போட்டேன்.

மேலே, பார்வையாளர் வரிசையில் இடம் கிடைத்தது. நாட்டை ஆளுகிறவர்கள் என் வகுப்புப் பிள்ளைகளைவிட ஒழுங்காக உட்கார்ந்திருப்பார்கள் என்று நினைத்திருந்தேன். ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார். ஒருவர் பக்கத்திலிருப்பவரின் காதில் ஏதோ சொல்லிச் சிரித்தார். விழிஞ்ஞத்தில் பள்ளிக்கூடக் கூரை ஒழுகுகிறது என்று ஓர் அங்கத்தினர் முழங்கினார். பொன்முடித் தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமே இல்லை என்றார் இன்னொருவர். எங்கள் அங்கத்தினர் எழுந்து தமிழில், சுருக்கமாக, அழகாகப் பேசினார். கல்வி இலாகாவையும் கையில் வைத்திருந்த முதல்மந்திரியோ கண்ணைப் பாதி மூடிக்கொண்டு சாய்ந்திருந்தார். இந்த மனிதர் எதற்குப் பதில் சொல்லப் போகிறார் என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

அவர் எழுந்ததும் என் எரிச்சல் போன இடம் தெரியவில்லை. கையில் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. யார் என்ன சொன்னார்களோ அதை ஒன்று விடாமல் எடுத்துப் பதில் சொன்னார். ஒருவரை அதட்டினார், ஒருவரைக் கிண்டல் செய்தார், கூரைக்கு வழி செய்வதாக ஒப்புக்கொண்டார். எல்லாம் மலையாளத்தில். கடைசியில் எங்கள் அங்கத்தினர் பக்கம் திரும்பியவர், தட்டுத் தடுமாறித் தமிழில் பேசினார்.

"வகுப்பை நான் மூட மாட்டேன். திறந்தே இருக்கும். பிள்ளைகளை நீங்க அனுப்பணும். அனுப்புவீங்களா?"

சபை சிரித்தது. எனக்குச் சுருக்கென்றது. என்ன கேள்வி இது? எங்களைப் பற்றி என்ன நினைத்துக்கொண்டிருக்கிறார்? எங்கள் அங்கத்தினர் அனுப்புவோம் என்று கம்பீரமாகச் சொல்லி, நன்றி கூறி, தீர்மானத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். நான் என்னை மறந்து கை தட்டிவிட்டேன். காவலாளி ஓடி வந்து, இங்கே தட்டக் கூடாது என்று அடக்கினான்.

வெளியே அங்கத்தினரைப் பிடித்து, இதை நம்பலாமா என்று கேட்டேன்.

"டீச்சர் பயப்படாண்டாம். சபையில வச்சுச் சொல்லியாச்சுல்லா. இனி அவரு மாற முடியாது," என்றார்.

அவர் சொன்னது சரிதான். கோடை விடுமுறைக்குள்ளேயே, தமிழ்ப் பிரிவு தொடரும் என்று உத்தரவு வந்துவிட்டது. நான் தெருவில் வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். காபி கொடுத்தார்கள். முதல்மந்திரி தமிழ் பேசியதை நான் நடித்துக் காட்ட, விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

பள்ளிக்கூடம் திறந்த அன்று இடவப்பாதிப் பருவமழை கொட்டியது. புதிதாகச் சேர வரும் ஒவ்வொரு குழந்தையின் பெற்றோரையும், தமிழா மலையாளமா என்று ஹெட்மிஸ்ட்ரஸ் வாசலிலேயே கேட்டு அனுப்புவது எங்கள் வழக்கம். நான் அவர் பக்கத்தில் நின்றேன். எனக்குக் காபி கொடுத்தவர்கள் ஒவ்வொருவராகக் குடையை மடக்கினார்கள். என் முகத்தைப் பார்க்காமல் மலையாளம் என்றார்கள். ஒரு மாமி மட்டும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒண்ணும் நினைச்சுக்காதீங்கோ. பின்னாடி ஒரு உத்தியோகம்னு வந்தா மலையாளம் இல்லாம முடியுமோ?" என்றாள்.

எனக்கு ஆத்திரம் பொங்கியது. நீங்களெல்லாம் மனுஷர்களா என்று கத்தத் தோன்றியது. அப்போதுதான் என் கணவர் எங்கள் பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவளுக்கும் அந்த வருஷம்தான் ஒன்றாம் வகுப்பு. எந்தப் பிரிவு என்று வீட்டில் நாங்கள் பேசிக்கொள்ளவே இல்லை. பேச என்ன இருக்கிறது என்று நான் நினைத்திருந்தேன்.

ஹெட்மிஸ்ட்ரஸ் அவரைக் கேட்டார். அவர் என்னைப் பார்த்தார். ஹெட்மிஸ்ட்ரஸும் என்னைப் பார்த்தார். குழந்தை மழையில் நனைந்த பாவாடையைப் பிழிந்துகொண்டிருந்தாள். இவள் பெரியவளாகி, இதே ஊரில், மலையாளத்தில் ஒரு விண்ணப்பம் எழுதத் தெரியாமல் யாரோ ஒருவரிடம் போய் நிற்பதை ஒரு நொடி நினைத்துப் பார்த்தேன்.

"மலையாளம்," என்றேன்.

சர்க்கார் சொன்ன வாக்கைக் காப்பாற்றியது. வகுப்பு அந்த வருஷம் திறந்தேதான் இருந்தது. முதல் மணி அடித்ததும் நான் போய் என் நாற்காலியில் உட்கார்ந்தேன். பக்கத்து அறையிலிருந்து, மற்றக் குழந்தைகளோடு சேர்ந்து என் பெண் மலையாள எழுத்துகளைச் சொல்லும் சத்தம் தெளிவாகக் கேட்டது. என் எதிரில் பெஞ்சுகள் மட்டும்தான் இருந்தன.