அடுப்போரத்து எண்ணெயும் எரிவாயுவும்

தை மாதக் காலையில் இலங்கை மலையகத்து அப்புத்தளையில் தேங்காயெண்ணெய் நீர்மமாக இராது. போத்தலைக் கவிழ்த்தாலும் ஒரு சொட்டு விழாது; வெண்மெழுகுபோல் இறுகிக் கிடக்கும். அங்குள்ளோர் அதனைப் பொருட்படுத்துவதில்லை. விறகடுப்பின் ஓரத்தில் சிறிது நேரம் வைப்பார்கள். விளிம்பு முதலில் தெளியும். நடுவிலுள்ள வெண்கட்டி மெல்லக் குறைந்து மறையும். திண்மம் நீர்மமாகும் இந்த மாற்றத்தைப் பதுளைப் பள்ளியொன்றில் பல்லாண்டு கற்பித்தவன் நான். அதே மாற்றம் ஒரு காலைப்பொழுதில் என்னை நடுங்கவைக்கும் என்று எண்ணியதில்லை.

இவ்வாண்டு பொங்கலுக்கு மறுநாள் அப்புத்தளையில் தங்கையின் வீட்டில் இருந்தேன். தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஒரே கூரையின்கீழ் சுவரோடு சுவராக அமைந்த வீடுகளில் ஒன்று அது. வெளியே பனிமூட்டம் வாசற்படிவரை வந்து நின்றது. முகம் கழுவிவிட்டுத் தலைக்கு எண்ணெய் கேட்டேன்.

சமையலறையிலிருந்து தங்கையின் குரல் வந்தது. "எண்ணெய் உருகிருச்சுண்ணே, இந்தா கொண்டாறேன். கேசுதான் இன்னும் உருகல."

"எது உருகல?"

"கேசு! போன கிழமைதான் புது சிலிண்டர் எடுத்தோம். காலையில பத்தவெச்சா மினுக்கு மினுக்குன்னு எரிஞ்சு அடங்கிருச்சு. தொட்டுப் பாத்தா ஐஸ் மாதிரி இருக்கு. உள்ளுக்க ஒறஞ்சு போயிருக்கு. அதான் கழட்டி விறகடுப்புக்கிட்ட நகட்டி வெச்சேன்."

எழுந்து உள்ளே விரைந்தேன். எரிவாயு உருளை, எண்ணெய்ப் போத்தலுக்குத் துணைபோல், கொழுந்துவிட்டெரியும் அடுப்பை ஒட்டி நின்றது. அடுப்பை நோக்கிய பக்கத்தில் கை வைத்தேன். சுட்டது; வைத்த கையை உடனே எடுத்துக்கொண்டேன்.

"மச்சான், ஓடி வாங்க! இத வெளிய தூக்கணும்!"

பின்புறம் விறகு பிளந்துகொண்டிருந்த தங்கையின் கணவர் கோடரியைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். அவர் ஈரச்சாக்கைச் சுற்றி ஒருபுறம் பிடிக்க, நான் மறுபுறம் பிடித்தேன். உருளையைச் சாய்க்காமல் முற்றத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தினோம். குழாய்த் தொட்டியிலிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் மொண்டு அதன்மேல் ஊற்றினோம். முதல் வாளிக்கு இலேசாக ஆவி எழுந்தது. பிறகு எழவில்லை. நாற்றமும் இல்லை. சவர்க்கார நுரையை உருளையின் வாயிலுள்ள அடைப்பிதழின்மேல் தடவிப் பார்த்தேன். ஒரு குமிழிகூடக் கிளம்பவில்லை. அப்போதுதான் அருகிலிருந்த கல்லில் அமர்ந்தேன்.

"என்னண்ணே, குழந்தையக் குளிப்பாட்டுற மாதிரி குளிப்பாட்டுறீங்க?" என்றாள் தங்கை.

"அத ஆட்டிப் பாரு."

அவள் உருளையைப் பிடித்து அசைத்தாள். உள்ளே களக் களக்கென்றது.

"தளும்புதுண்ணே!"

"ஒறஞ்சிருந்தா தளும்புமா?"

வளிமத்தை அமுக்கலாம். எண்ணெய்க்கும் அதற்கும் உள்ள வேறுபாடே அதுதான். அமுக்க அமுக்கச் சுருங்கி, ஒரு நிலையில் அது நீர்மமாகிவிடும். அந்த நீர்மத்தைத்தான் இரும்புக்குள் அடைத்துத் தருகிறார்கள். மீண்டும் வளிமமாக அதற்கு வெப்பம் தேவை. குளிர்காலையில் அவ்வெப்பம் போதாமல் சுடர் சோர்ந்ததேயன்றி, உள்ளே எதுவும் உறைந்துவிடவில்லை. உருகிய எண்ணெய் போத்தலுக்குள் அமைதியாக இருக்கும். அடுப்பருகே வைத்த உருளையிலோ நீர்மம் விரியும், வளிமம் எல்லாப் பக்கமும் சுவரை நெருக்கும், வெளியேற வழியிராது. இரும்பின் பொறுமைக்கும் எல்லை உண்டு. இதனை அவளுக்கு விளங்கும்படி சொன்னேன்.

"ஒங்கண்ணன் சொல்றத பாத்தா, அவரு தலைக்குப் பூசிக்க நீ கேசையே உருக்கித் தரப் பாத்த போல," என்றார் மச்சான்.

தங்கை சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்தினாள். முகம் வெளுத்துவிட்டது. "ஐயோ அண்ணே! பக்கத்து வீட்டக்காவுக்கும் நான்தானே சொன்னேன்! அவங்க கேசும் எரியலன்னு காலையில வந்தாங்க!"

இடையில் இருந்தது ஒற்றைச் சுவர். அச்சுவருக்கு அப்பால் புகைக்கூண்டிலிருந்து புகை தாராளமாக எழுந்துகொண்டிருந்தது. மூவரும் அவ்வாசலுக்கு ஓடினோம். "அக்கா! அக்கா!" என்று தங்கை கதவைத் தட்டியதில் அடுத்த வீட்டு நாயும் குரைத்தது.

கதவு திறந்தது. நடுத்தர வயதுப் பெண்மணி, கையில் மாவோடு நின்றார். "என்னடி, வீடு பத்திக்கிச்சா?"

"ஒங்க கேசு எங்க இருக்கு?"

"இருந்த எடத்துலதான். ஏன்?"

"அடுப்புக்கிட்ட வெக்கலையா? நான் சொன்னேனே!"

"நீ சொன்னா? எனக்கு இடுப்பு வலி, அத நகட்ட ஏலாது. அதோட, நீ சொன்ன பேச்ச நான் என்னைக்குடி கேட்டிருக்கேன்?"

தங்கை அவரை மாவுக் கையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள். "இனியும் கேட்காதீங்கக்கா, ஒங்களுக்குப் புண்ணியமா போகும்!"

"இவளுக்கு என்னாச்சு?" என்று அவர் என்னைப் பார்த்துக் கேட்டார். விடை சொல்ல முயன்றேன், சிரிப்புத்தான் வந்தது.

அன்று காலைத் தேநீர் விறகடுப்பில் கொதித்தது. நண்பகலில் பனி விலகி வீடு சற்றே கதகதப்பானபின், துடைத்து உலர்த்திய உருளையை மச்சான் அதன் பழைய மூலையில் பொருத்தினார். சுடர் நீலமாக, நேராக நின்றது. காலையில் உருக்கிய எண்ணெயை மறந்தே போயிருந்தேன். எடுத்துப் பார்த்தேன், அந்தக் கதகதப்பு அதற்குப் போதாமல் போத்தலின் அடியில் மீண்டும் வெண்மை படரத் தொடங்கியிருந்தது. தங்கை போத்தலை வாங்கி அடுப்போரத்தில் வைத்தாள். வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

"இத வெக்கலாந்தானேண்ணே?"

"வைம்மா," என்றேன். "தாராளமா வை."